பொன்னியின் செல்வன்: மனத்தில் இருந்த முகம், திரையில் வந்த முகம் – எதை வைத்துச் சரிபார்ப்பது?

ஏரிக்கரை:

எங்கள் நூலக வாசகர் வட்டத்தின் அடுத்த அமர்வுக்கு ‘பொன்னியின் செல்வன்’ நாவலையும் 2022, 2023இல் வந்த இரண்டு படங்களையும் சேர்த்து எடுத்திருக்கிறோம். பேச்சு எங்கே போய் நிற்கும் என்று இப்போதே தெரிகிறது. “ஆழ்வார்க்கடியான் குட்டையானவன், ஜெயராம் உயரம்.” “நந்தினிக்கு அந்த வயதா?” “அருள்மொழி இருபதை ஒட்டிய பிள்ளை அல்லவா?” இன்னொரு பக்கம், “கல்கி அப்படியெல்லாம் எழுதவே இல்லை, அது மணியம் வரைந்த படம்” என்பார்கள். மணிக்கணக்கில் பேசிவிட்டு எழுந்து போவோம்.

இந்த முறை கையில் சான்றோடு உட்கார விரும்புகிறேன். மூலத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பிரித்தெடுக்க என்ன வழி? எல்லாப் பொருத்தமின்மையும் ஒரே எடை உடையதா, அல்லது சில மட்டும்தான் கதையைக் கெடுக்கின்றனவா? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

---

சொல்தேடி:

முதல் வேலை, மூலத்தைத் தேடக்கூடிய வடிவில் எடுத்துக்கொள்வது. மதுரைத் திட்டத் தளத்தில் ஐந்து பாகங்களும் இருக்கின்றன. யூனிகோட் வடிவத்தையே எடுங்கள். பழைய டிஸ்கி எழுத்துருக் கோப்பில் இன்றைய விசைப்பலகையால் தட்டித் தேடினால் ஒன்றும் அகப்படாது. பலர் அங்கேயே, “கல்கி எழுதவில்லை போலிருக்கிறது” என்று முடிவுகட்டி விடுகிறார்கள்.

அடுத்தது, தேடும் சொல். ‘முகம்’ என்று தேடினால் ‘முகத்தில்’, ‘முகத்தை’ எல்லாம் விட்டுப்போகும். ‘முகத்’ என்று தனியாக ஒருமுறை தேட வேண்டும். ‘கண்’ என்று போட்டால் ‘கண்டான்’, ‘கண்ணீர்’ என்று ஆயிரம் வந்து விழும். ‘கண்கள்’, ‘விழி’ என்று குறுக்குங்கள். வயதுக்கு ‘வயது’ மட்டும் போதாது, ‘பிராய’ என்றும் தேடுங்கள். நிறத்துக்கு ‘வர்ண’, ‘மேனி’. இந்த ஏழெட்டுச் சொல்லை 293 அத்தியாயங்களிலும் ஓட்டினால் ஒரு மாலைப் பொழுதில் பட்டியல் கைக்கு வந்துவிடும்.

வந்ததை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதைச் சொல்வது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்: கதைசொல்லியா, ஒரு பாத்திரமா? நந்தினியின் அழகைப் பற்றி நாவலில் வருவதில் பெரும்பகுதி அவளைக் கண்டு மயங்கியவர்களும் வெறுத்தவர்களும் சொல்வது. ஆடவர் கண்ணுக்கு அவள் எப்படித் தெரிகிறாள் என்பதற்குத்தான் அது சான்று. அவள் முக அமைப்புக்கு ஆகாது.

உங்கள் அமர்வில் அவசியம் படிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. நந்தினியையும் குந்தவையையும் கல்கி உறுப்பு உறுப்பாக ஒப்பிடும் பத்தி அது. நந்தினி பொன்னிற மேனி, குந்தவை செந்தாமரை நிறம். நந்தினிக்கு முழுநிலவு போல் வட்ட முகம், குந்தவைக்குச் சற்றே நீளவாட்டம். நந்தினிக்குச் செவ்வரி ஓடிய கருவிழி, குந்தவைக்குக் காதளவு நீண்ட கருநீலக் கண். மூக்கு, இதழின் தடிப்பு, கொண்டை என்று ஒன்றையும் விடவில்லை. ஆக, “கல்கி எழுதவே இல்லை” என்பது இந்த இருவர் விஷயத்தில் செல்லாது. படத்தை இதனோடு வைத்துப் பாருங்கள். ஐஸ்வர்யா ராயின் வெளிர்நிறக் கண்கள் மூலத்துக்கு நேர் மாறு. கருவிழி என்று எழுதியே இருக்கிறது. த்ரிஷாவின் நீளவாட்ட முகமும் உயர்த்திக் கட்டிய கொண்டையும் மூலத்துக்கு மிக அருகில் வருகின்றன.

இதற்கு எதிர்முனையில் நிற்பவன் வந்தியத்தேவன். அவன் முகத்துக்குக் கல்கி செலவழித்த வரிகள் குறைவு. அவனுடைய வாய்க்கும் அவசரத்துக்கும் செலவழித்தவை ஏராளம். கார்த்தியைப் பற்றிச் சண்டை குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பேச்சின் வேகம் சரியாக இருந்தது, முகத்தை யாரும் கேட்கவில்லை.

---

கோட்டோவியம்:

சொல்தேடி சொன்னதோடு ஓவியத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த நாவல் 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி, மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் மணியத்தின் ஓவியங்களோடு வந்தது. அன்றைய வாசகர் பக்கத்தைப் புரட்டியதும் கண்ணில் படுவது படம், அதன் பிறகுதான் எழுத்து. அப்படியிருக்க வாசகரின் ‘கற்பனை’ என்று நாம் சொல்வதில் பாதி மணியத்தின் கை.

இதே இதழ் பின்னாளில் நாவலைத் திரும்பத் திரும்ப வெளியிட்டபோது வினு, பத்மவாசன், வேதா என்று வேறு வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். நாட்டுடைமை ஆன பிறகு பல பதிப்பகங்கள் படமே இல்லாத பதிப்புகளையும் கொண்டுவந்தன. எனவே உங்கள் வட்டத்தில் ஒவ்வொருவரும் எந்தப் பதிப்பில் முதலில் படித்தார் என்று கேட்டுவிட்டு விவாதத்தைத் தொடங்குங்கள். மணியத்தின் நந்தினியைப் பார்த்தவரும் படமில்லாத பதிப்பில் படித்தவரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டு வேறு பெண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கோட்டோவியத்தை நடிகரோடு ஒப்பிடும்போது ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. கோட்டோவியத்துக்கு வயது கிடையாது. நான்கு வளைகோட்டில் கன்னம் வந்துவிடும், சுருக்கமோ தோலின் தன்மையோ அதில் இல்லை. எந்தப் பாத்திரமும் அதில் இளமையாகவே தெரியும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு அண்மைக் காட்சியில் ஒரு மனித முகத்தைப் பார்த்தால் எந்த நடிகரும் பத்து வயது கூடித்தான் தோன்றுவார். இது நடிகர் தேர்வின் பிழை அல்ல.

ஆழ்வார்க்கடியான் மட்டும் இதற்கு விலக்கு. கட்டை குட்டையான உறுதியான உடல், முன்குடுமி, உடம்பெல்லாம் நாமம், கையில் தடி – இத்தனையும் வீராணத்து ஏரிக்கரையில் அவன் அறிமுகமாகும் இடத்திலேயே எழுத்தில் இருக்கிறது. மணியம் அதைக் கோட்டில் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

---

ஒப்பனைமேசை:

வயதுக் கணக்கைக் கொஞ்சம் கறாராகப் போடுவோம். முதல் பாகம் வெளியான 2022 செப்டம்பர் 30 அன்று விக்ரமுக்கு 56, ஐஸ்வர்யா ராய்க்கு 48, கார்த்திக்கு 45, ஜெயம் ரவிக்கு 42, த்ரிஷாவுக்கு 39, சரத்குமாருக்கு 68. நாவலில் இளையவர்கள் எல்லாரும் இருபதுகளை ஒட்டியவர்கள். மொத்தமாக இருபது வயதுக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாரையும் ஒரே அளவு தூக்கினால் கண் பழகிவிடும். கெடுவது, இருவருக்கு இடையிலுள்ள வித்தியாசம் மாறும்போதுதான். இரண்டு ஜோடிகளைப் பாருங்கள்.

நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையர் அறுபதைத் தாண்டியவர், உடம்பில் 64 விழுப்புண்கள். நந்தினி இருபதுகளில். இடைவெளி ஏறக்குறைய 40 வருடம். அந்த இடைவெளிதான் தஞ்சை அரண்மனையின் வம்புப் பேச்சுக்கும், தம்பியின் மனக்கசப்புக்கும், கிழவர் மதியிழந்தார் என்ற பழிக்கும் அடிப்படை. படத்தில் அது 20 ஆகச் சுருங்கிவிட்டது. அதற்கு மேல் சரத்குமாரின் கட்டான உடல்வாகு. பார்ப்பவருக்கு வயதில் மூத்த, கம்பீரமான கணவர் என்று தோன்றுகிறதே தவிர, ஊர் சிரிக்கும் திருமணம் என்று தோன்றுவதில்லை. இரண்டு படங்களிலும் எனக்கு உண்மையான இழப்பாகப் படுவது இதுதான். சரத்குமார் நன்றாகவே நடித்திருக்கிறார், பிழை அவருடையது அல்ல. முதுகில் லேசான கூன், தளர்ந்த தோள், உட்கார்ந்து எழும்போது ஒரு கணத் தயக்கம் – இவை இருந்திருந்தால் அந்தத் தூரத்தில் பாதியாவது திரும்பக் கிடைத்திருக்கும்.

மற்றது அக்கா குந்தவை, தம்பி அருள்மொழி. நாவலில் குந்தவை மூத்தவள். நிஜத்தில் குந்தவையாக வரும் த்ரிஷா பிறந்தது 1983, அருள்மொழியாக வரும் ரவி பிறந்தது 1980, முறை தலைகீழ். ஆனாலும் இதைக் குறையாகச் சொன்னவர்கள் குறைவு. குந்தவை பெரும்பாலும் அசையாமல் நிற்கிறாள், மற்றவர்கள் அவளிடம் வருகிறார்கள், அவள் மெதுவாகப் பேசுகிறாள். மூத்தவள் என்ற தோற்றத்தை நிலையும் பேச்சும் தந்துவிட்டன.

உயரத்துக்கு வருவோம். உயரமான நடிகரைக் குட்டையாகக் காட்டச் சில பழைய வழிகள் உண்டு. உடன் நிற்பவரை ஒரு பலகை மேல் ஏற்றலாம். இவரைக் கேமராவிலிருந்து ஓரடி பின்னுக்கு நிறுத்தலாம். காலை அகட்டி நிற்க வைத்தால் இரண்டு மூன்று அங்குலம் குறையும். வேட்டியை மேலே ஏற்றிக் கட்டினால் உடற்பகுதி சுருங்கி வயிறு முன்னுக்குத் தெரியும். இவை எல்லாம் நின்று பேசும் காட்சிக்குத்தான் உதவும். கூடவே நடந்து வரும் அகலக் காட்சியில் உண்மையான உயரம் வெளியே வந்துவிடும். ஆழ்வார்க்கடியானோ வந்தியத்தேவனோடு ஓயாமல் நடப்பவன். ஆகவே உயரத்தை முழுக்க மறைக்க வழியே இல்லை. தொந்தியும் முன்குடுமியும் குரலின் ஏற்ற இறக்கமும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. ஜெயராம் அதைச் செய்திருக்கிறார் என்பது என் கருத்து.

குரலையும் உங்கள் பட்டியலில் சேருங்கள். நந்தினிக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் தீபா வெங்கட். முகம் பொருந்தவில்லை என்பவர்கள் ஒரு காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, பிறகு ஒலியை அடைத்துவிட்டுப் பார்க்கட்டும். உறுத்துவது கண்ணையா காதையா என்பது உடனே தெளிவாகும்.

---

ஏரிக்கரை:

மூவருக்கும் நன்றி. ஒப்பனைமேசை சொன்ன ‘இடைவெளி’ எங்கள் பேச்சில் இதுவரை வந்ததே இல்லை. ஒரு சந்தேகம். நந்தினிக்கு 48 வயது நடிகை என்பதைக் குறையாகச் சொல்கிறோம். ஊமை ராணி மந்தாகினியாகவும் அவரே வருகிறாரே, அங்கே அதே வயது பலம் ஆகிவிடாதா?

---

சொல்தேடி:

ஆகும். இருவருக்கும் உள்ள உருவ ஒற்றுமை இந்த நாவலில் வெறும் அழகுக்கு எழுதியது அல்ல, கதையையே தாங்கும் தூண். அநுராதபுரத்தில் மந்தாகினியைக் காணும் வந்தியத்தேவன், நந்தினிதானோ என்று திகைக்கிறான். செத்துப்போனவள் என்று நம்பிய மந்தாகினியின் ஆவி வருவதாகச் சுந்தர சோழர் நள்ளிரவில் அலறுவதும், நந்தினி அவள் வேடத்தில் போய் நிற்பதால்தான். இரண்டு நடிகைகளைப் போட்டிருந்தால் இந்த இடங்களில் பார்ப்பவர் “ஏதோ சாயல் இருக்கிறது” என்று மனத்தைச் சமாதானம் செய்துகொள்ள வேண்டியிருக்கும். ஒரே முகம் என்பதால் விளக்கமே வேண்டாம். இருபது வயது நடிகையை வைத்து மந்தாகினியை முதுமைப்படுத்தினால் ஒட்டுத்தோல் ஒப்பனை தேவைப்பட்டிருக்கும். அண்மைக் காட்சியில் அது வாய் ஓரத்தில் விறைத்து நிற்கும். வாய் பேசாத பாத்திரத்துக்கு முகம் விறைத்தால் எல்லாமே போயிற்று. நடுவயது நடிகையை இரண்டு பக்கமும் இழுப்பது சுலபம்.

ஆகவே பட்டியலில் இன்னொரு நெடுவரிசை போடுங்கள்: “இந்த அடையாளம் மாறினால் எந்த நிகழ்ச்சி நடக்காமல் போகும்?” கண்ணின் நிறம் மாறினால் எதுவும் நிற்காது. ஆழ்வார்க்கடியானின் உயரம் மாறினாலும் நிற்காது, அவனுடைய நாமமும் குடுமியும் போனால் வீராணத்து ஏரிக்கரையில் அவன் சைவரோடு போடும் சண்டையே இல்லை. பழுவேட்டரையர் இளமையானால் பழி இல்லை. மந்தாகினி வேறு முகமானால் அரசரின் பயம் இல்லை.

---

சீவாளி:

இந்தக் கணக்கில் ஒரு குறை தெரிகிறது. கதைக்குத் தேவை, தேவையில்லை என்று பிரித்துவிட்டால் வாசகரின் மனத்தாங்கல் தீர்ந்துவிடாது. கருவிழியை எண்ணி நாற்பது வருடம் வாழ்ந்தவருக்கு அது தேவைதான். அவரிடம் போய், “இதனால் எந்த நிகழ்ச்சியும் நிற்கவில்லை” என்பது பதிலாகாது. அதை உங்கள் அமர்வில் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

வயது முரண்பாட்டை எது மறக்கடிக்கிறது என்பதற்கு இன்னொரு பழைய உதாரணம் ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர், ஓவியம் கோபுலு. 1968இல் படமானபோது சிவாஜிக்கு 39, பத்மினிக்கு 36. கதையிலோ இருவரும் இளம் பருவத்தினர். இன்று யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் கன்னம் புடைப்பதும், மூச்சு எடுக்கும் இடமும், துளைகளில் விரல் விழுவதும் அந்த வாசிப்போடு ஒட்டி நிற்கின்றன. அந்த ஒட்டுதல் பிசகியிருந்தால் வயதும் உடம்பும் உடனே கண்ணை உறுத்தியிருக்கும். பாத்திரத்தின் தொழில் கையில் இருந்தால் முகத்தை மன்னித்துவிடுகிறார்கள்.

இதைப் பூங்குழலிக்கும் போட்டுப் பாருங்கள். அவள் கோடிக்கரைப் படகுக்காரி. ஐஸ்வர்யா லெக்ஷ்மியின் முகத்தைப் பற்றி விவாதிக்கும் முன், துடுப்புப் போடும் காட்சிகளை ஒலி இல்லாமல் ஓட்டி, தோளிலிருந்து இழுக்கிறாரா மணிக்கட்டிலிருந்து இழுக்கிறாரா என்று கவனியுங்கள். உங்கள் வட்டத்தில் கடலுக்குப் போய் வருபவர் யாராவது இருந்தால் அந்தக் காட்சியை அவரிடமே காட்டிக் கேளுங்கள்.