கட்சிப் பொறுப்பும் சட்ட உதவிப் பேனலும்: சேலத்தில் ஒரே வக்கீல் இரண்டையும் பார்க்கலாமா?

அம்மாபாளையம் ஜூனியர்:
என்ரோல் ஆகி 4 வருடம் ஆகிறது. சேலம் கோர்ட்டில் சிவில், கிரிமினல் இரண்டும் பார்க்கிறேன். கட்சியில் சின்னப் பொறுப்பு ஒன்றும் இருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பேனலுக்கு (இலவச சட்ட உதவி வழக்குகளை நடத்தும் வக்கீல் பட்டியலுக்கு) விண்ணப்பிக்க நினைக்கிறேன். கட்சிப் பொறுப்பு தடையாகுமா? ஏற்காடு மலைக் கிராமங்களில் முகாம் போட்டால் எதைக் கவனிக்க வேண்டும்? நாளைக்குத் தேர்தலில் நின்றால் தொழிலை விட வேண்டி வருமா? சீனியர்கள் சொல்லுங்கள்.

வக்காலத்து:
முதலில் எந்த வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள் தம்பி. சட்ட உதவி என்ற பெயரில் மூன்று இருக்கிறது.

முதலாவது பேனல் வக்கீல். இதற்கு தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2010 ஒழுங்குமுறைப்படி குறைந்தது 3 வருட அனுபவம் வேண்டும், உங்களுக்கு இருக்கிறது. சொந்த கேஸ்களையும் நடத்தலாம். பேனலை 3 வருடத்துக்கு ஒருமுறை மாற்றி அமைப்பார்கள், ஆனால் கையில் கொடுத்த கேஸைப் பிடுங்க மாட்டார்கள்.

இரண்டாவது, கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் சட்ட உதவி எதிர்வாத வக்கீல் முறை. அது முழு நேர ஒப்பந்தம், வெளி கேஸ் எடுக்கக் கூடாது. தலைமைப் பொறுப்புக்கு 10 வருடம், துணைக்கு 7 வருட கிரிமினல் அனுபவம் கேட்கிறார்கள். கட்சி வேலையோடு இது ஒத்து வராது.

மூன்றாவது சட்டம் சார்ந்த தன்னார்வலர் (பாரா லீகல் வாலண்டியர்). கட்சியில் தீவிரமாக இருப்பவர் தகுதியிழப்பார் என்று எழுதியிருப்பது இந்தத் திட்டத்தில்தான். பேனலுக்கும் அதேதான் என்று சங்கத்தில் பலர் குழப்புவார்கள். ஆனாலும் விண்ணப்பத்தில் பொறுப்பை மறைக்காதீர்கள். பிறகு தெரிந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: உதவி பெறுபவரிடம் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. ஜெராக்ஸ், டைப்பிங், பஸ் காசு என்று எந்தப் பெயரிலும் கூடாது. அது பேனல் நீக்கத்தோடு நிற்காது, தொழில் ஒழுங்கீனமாக பார் கவுன்சில் வரைக்கும் போகும். கோர்ட் கட்டணம், நகல் செலவு எல்லாம் ஆணைக்குழுவின் பொறுப்பு.

குப்பனூர் ரோடு:
மலை விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான முகாம்கள் சறுக்குவது தகுதிச் சான்று இடத்தில்.

மலையாளி சமூகம் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைகளில் வாழ்பவர்கள்) சேலம் மாவட்டத்தில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவில் இலவச சட்ட உதவி பெற பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லை. ஆனால் பழங்குடிச் சான்று தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். அதற்காகக் காத்திருந்தால் வாய்தா போய்விடும். வந்திருப்பவர் பெண் என்றால் பெண் என்ற தகுதியிலேயே போடுங்கள், அங்கேயும் வருமானம் பார்ப்பதில்லை. ஆண் என்றால் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் என்று பிரமாண வாக்குமூலம் போதும். 13-ஆம் பிரிவு அதை ஏற்கலாம் என்றே சொல்கிறது. தாலுகா ஆபீஸ் வருமானச் சான்றுக்கு அலைய விடாதீர்கள். கையில் எது இருக்கிறதோ அந்தத் தகுதியில் மனுவை நகர்த்துங்கள். சாதிச் சான்று பின்னால் வரட்டும்.

அடுத்தது நிலம். 2006 வன உரிமைச் சட்டத்தில் பழங்குடியினர் 13.12.2005-க்கு முன்பே அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும், தனிநபருக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர். மனு முதலில் கிராம சபைக்கு, பிறகு கோட்டக் குழு, கடைசியில் மாவட்டக் குழு. நேரே கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து ரசீதோடு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. அந்த மனு எங்கேயும் நகராது. சான்று ஒன்றுக்கு மேல் வேண்டும். ஊர்ப் பெரியவர் எழுத்தில் கொடுக்கும் வாக்குமூலமும் சான்றுதான், அதை யாரும் சொல்லித் தருவதில்லை. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான். வாய்வார்த்தையாக "ஆகாது" என்று சொல்லி அனுப்பினால் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதிலேயே கேஸ் சிக்கிக்கொள்ளும்.

முகாமை ஏற்காடு டவுனில் வைக்காதீர்கள். உள் கிராமத்தில் கிராம சபை கூடும் நாளில் வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு வர ஒரு நாள் கூலி போகிறது. ஒரே வருகையில் வாக்குமூலம், வக்காலத்து, ஆதார் நகல் மூன்றையும் முடித்துவிடுங்கள். அவசரத்துக்கு சட்ட உதவித் தொலைபேசி எண் 15100-ஐச் சுவரில் எழுதிவிட்டு வாருங்கள்.

அம்மாபாளையம் ஜூனியர்:
ரொம்ப நன்றி சார். முகாமுக்கு ஃப்ளெக்ஸ் வைக்கலாமா? கட்சிக்காரர்களே வைத்துத் தருகிறேன் என்கிறார்கள்.

வக்காலத்து:
அங்கேதான் மாட்டுவீர்கள். பார் கவுன்சில் விதி 36 விளம்பரத்தையும் ஆள் பிடிப்பதையும் தடுக்கிறது. உங்கள் போட்டோ, பெயர், "இலவச சட்ட ஆலோசனை", கீழே செல் நம்பர் என்று ஃப்ளெக்ஸ் நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் படம் எடுத்து அனுப்ப ஒரு நிமிஷம் போதும். ஆணைக்குழு முகாம் என்றால் பலகையில் ஆணைக்குழுவின் பெயர் மட்டும். கட்சிக் கொடி பந்தலுக்குப் பக்கத்தில்கூட வேண்டாம். கட்சி முகாம் நடத்த ஆசை என்றால் வேறு நாளில் வையுங்கள், அங்கே பேனல் வக்கீல் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கன்னங்குறிச்சி:
மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எம்.எல்.ஏ., எம்.பி. ஆனாலும் வக்கீல் தொழில் செய்யலாம். சம்பளம் வாங்கும் முழு நேர ஊழியருக்கான விதி 49 தடை மக்கள் பிரதிநிதிக்குப் பொருந்தாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழு நேர சட்ட உதவி ஒப்பந்தத்திலோ அரசு வக்கீல் பதவியிலோ இருந்தால் மட்டும் வேட்புமனுவுக்கு முன்பே எழுத்தில் ராஜினாமா கொடுத்து, ஏற்றுக்கொண்ட உத்தரவையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாயப் பதவி (அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் நிற்க முடியாது) என்ற ஆட்சேபணை மனுப் பரிசீலனை அன்றுதான் கிளம்பும், அப்போது ஓட நேரமிருக்காது. ஏற்காடு தொகுதி பழங்குடியினருக்கான தனித்தொகுதி என்பதையும் மனதில் வையுங்கள். மலையில் வேலை பார்த்துவிட்டு அங்கே நிற்கலாம் என்று கணக்குப் போட்டால் எல்லோருக்கும் நடக்காது.

சேலத்துக்கு இந்த இரட்டை வேலை புதிதில்லை. ராஜாஜி இங்கே பிராக்டிஸ் செய்துகொண்டே 1917-இல் நகராட்சித் தலைவரானார். அதற்கு முன்பே 1882 சேலம் கலவர வழக்கில் தண்டனை பெற்று மேல்முறையீட்டில் விடுதலையானவர் சேலம் வக்கீல் விஜயராகவாச்சாரியார். நகராட்சிப் பொறுப்பிலிருந்து தன்னை நீக்கியதை எதிர்த்தும் வழக்குப் போட்டவர்.

குப்பனூர் ரோடு:
ஒன்று விட்டுப்போச்சு. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்தத் தீர்வுக்கு அப்பீல் கிடையாது. கையெழுத்துக்கு முன் ஷரத்துகளை வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். நிலத் தகராறு என்றால் சர்வே எண்ணும் நான்கு எல்லையும் அதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.