படியேறினால் மூச்சு வாங்குவது வயதினாலா, நுரையீரல் தழும்பினாலா?

கேள்வி (செம்பூர், மும்பை):
என் மாமனாருக்கு வயது 66, புகைப்பழக்கம் கிடையாது. ஓராண்டாக வறட்டு இருமல் விடவில்லை. உட்கார்ந்திருக்கும்போது ஒரு தொந்தரவும் இல்லாதவர், காய்கறிப் பையுடன் இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று முறை நின்று மூச்சு வாங்குகிறார். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரும் கற்பூரவல்லிக் கஷாயமும் பலனளிக்கவில்லை. பால்கனியில் தினமும் புறாக்களுக்குச் சோளம் போடுவார். நுரையீரல் தழும்பாகும் நோயை எப்படி அறிவது?

பதில் 1:
நான் நுரையீரல் செயல்பாட்டுப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். காற்றறைகளின் சுவர் தடித்து விறைத்துப்போவதால், ஓய்வில் போதுமானதாக இருக்கும் ஆக்ஸிஜன் நடக்கும்போது ரத்தத்தில் கலக்கப் போதாமல் போகிறது. ஆகவே ஆக்ஸிமீட்டரை உட்காரவைத்து மட்டும் பார்க்காமல், சமதரையில் ஆறு நிமிடம் நடந்தபின்பும் பாருங்கள். 4 புள்ளிக்கு மேல் இறங்கினால் அலட்சியம் வேண்டாம். இரு ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டவையுங்கள். இடையில் சிறு வைர வடிவ இடைவெளி தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் விரல்நுனி தடித்திருக்கலாம். எல்லா நோயாளிகளுக்கும் இந்த அடையாளம் வருவதில்லை என்பதால், இடைவெளி இருந்தாலும் நிம்மதியடைய முடியாது. ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைப் பிரிக்கும்போது எழுவதைப் போன்ற 'சரசர' ஒலி, மூச்சை உள்ளிழுக்கையில் முதுகின் அடிப்பகுதியில் கேட்கும். மருத்துவர் சட்டைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் அது தவறிப்போகும். தொடக்கத்தில் எக்ஸ்ரே தெளிவாகவே இருக்கக்கூடும். உயர்தெளிவு சி.டி. ஸ்கேன்தான் தழும்பைக் காட்டும்.

பதில் 2 (தாதர்):
2025இல் எங்கள் கபூத்தர்கானாவை (புறாக்களுக்குத் தீனி போடும் பொது இடம்) மாநகராட்சி தார்ப்பாயால் மூடியபோது எழுந்த சண்டையில், காரணத்தைப் பலர் கவனிக்கவே இல்லை. புறாவின் எச்சத்திலும் இறகுத்தூளிலும் உள்ள புரதங்களுக்குச் சிலரது உடல் காட்டும் ஒவ்வாமையே, ஆண்டுக்கணக்கில் நீடித்தால் தழும்பாகிறது. என் அம்மாவுக்கு இரண்டு ஆண்டுகள் 'வயதாகிவிட்டது' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். விழுந்த தழும்பு மறையாது. ஆனால் காரணத்தை விலக்கினால், தேவைப்பட்டால் நின்டெடானிப் போன்ற மருந்தும் சேர்ந்தால், பரவும் வேகம் குறையும். பால்கனியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, முகக்கவசத்துடன், உங்கள் மாமனாரைத் தவிர வேறொருவர் கழுவட்டும். புறா விஷயத்தை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நகங்களுக்கிடையே இடைவெளி தெரியவில்லை. நடந்தபின் 96 என்பது 89 ஆனது. நாளை நுரையீரல் நிபுணரிடம் செல்கிறோம். சோள டப்பாவை ஒளித்துவைத்திருக்கிறேன், காலையிலிருந்து தேடுகிறார்.