சம்பாவில் இறுகி, கோடையில் கழலும் நைலான் புஷ்: மாற்று என்ன?

திருத்துறைப்பூண்டி லேத்:
சேறு கலக்கும் உருளைக்கு வார்ப்பு நைலான் (நைலான் 6) புஷ் (ஷாப்ட் சுழல்வதற்கான உள்குழல்) அடித்துப் போடுகிறோம். வெளிவிட்டம் 60, ஷாப்ட் 40 மி.மீ., இடைவெளி 0.2. கார்த்திகையில் ஷாப்டைக் கவ்விக்கொள்கிறது. தகரக் கொட்டகையில் கிடந்து சித்திரையில் எடுத்தால் ஹவுசிங்குக்குள் (புஷ் உட்காரும் இரும்புக் கூடு) புஷ்ஷே சுற்றுகிறது. கண்ணாடி இழை கலந்த நைலான் சரிப்படுமா?

பாலிமர்காரன், தஞ்சை:
வேண்டாம். உப்பல் குறையும், ஆனால் இழை ஷாப்டை அராவிவிடும்.

நைலானின் அமைடு தொகுதிகள் தண்ணீரை இழுப்பவை. நைலான் 6 முழுக்க ஊறினால் எடையில் 9% வரை நீர் ஏறும். அடி தாங்கும் குணமும் அந்த நீரால்தான்; எலும்பாகக் காய்ந்தால் விறைத்து வெடிக்கும்.

வெளியே இரும்பு தடுப்பதால் உப்பல் துளைப் பக்கம் திரும்புகிறது. உங்கள் 10 மி.மீ. சுவர் முழுக்க ஊறினால் துளை சுமார் 1 மி.மீ. சுருங்கும். 5 மி.மீ. சுவரானால் அதில் பாதிக்கும் குறைவு. ஒரே பருவத்தில் அவ்வளவு ஊறாது, 0.2-ஐ விழுங்கக் கால்வாசி ஊறலே போதுமே! கழல்வதும் இதனால்தான். இரும்புக்குள் நசுங்கிய புஷ், காய்ந்ததும் பழைய வெளிவிட்டத்துக்குத் திரும்பாது.

மன்னை டூல்ரூம்:
அசிட்டால் என்ற கெட்டி பிளாஸ்டிக் போடலாம், முழுக்க ஊறினாலும் 1% தாண்டாது. ஆனால் கூர்மூலையில் விரிசல் விடும். உள்மூலைகளுக்கு 1 மி.மீ. வளைவு கொடுங்கள்.

சேற்று மணலுக்கு என் ஓட்டு யூ.ஹெச்.எம்.டபிள்யூ. (மிக நீண்ட மூலக்கூறு கொண்ட) பாலிஎத்திலீனுக்கு. தண்ணீர் குடிக்காது, மணல் தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கும். சுவர் 5, இடைவெளி 0.4 வையுங்கள். இறுக்கத்தை நம்பாதீர்கள், பாரத்தில் மெல்ல நெகிழ்ந்துவிடும்; காலர் வைத்து ஸ்க்ரூ போடுங்கள். கடைந்த சூட்டில் அளக்காதீர்கள், ஆறவிட்டு அளங்கள்.

கடையில் எல்லாம் வெள்ளை ராடுதான். ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள்: நைலானும் அசிட்டாலும் மூழ்கும், யூ.ஹெச்.எம்.டபிள்யூ. மிதக்கும். ஹெச்.டி.பி.ஈ.யும் (சாதாரண கெட்டி பாலிஎத்திலீன்) மிதக்கும் என்பதால் சீவலைச் சூடாக்கிப் பாருங்கள். ஹெச்.டி.பி.ஈ. உருகி ஓடும்; யூ.ஹெச்.எம்.டபிள்யூ. கண்ணாடிபோலத் தெளிந்து ரப்பராக நிற்கும்.

திருத்துறைப்பூண்டி லேத்:
கைவசம் நைலான் ராடு நிறைய கிடக்கிறதே?

பாலிமர்காரன், தஞ்சை:
1 மி.மீ. கூடுதலாக விட்டுக் கடைந்து, கொதிநீரில் போடுங்கள். 100 கிராமுக்கு 5–6 கிராம் ஏறியதும் எடுத்து, பாலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள், ஈரம் உள்ளே பரவட்டும். பிறகு கடைசி அளவு. கோடையில் உருளையை ஈரச்சாக்கு சுற்றி நிழலில் போடச் சொல்லுங்கள்.