பெடல், பெடகாஜி, ஆர்த்தோபீடிக்: எதில் கால், எதில் குழந்தை?

கேள்வி:
ஆங்கில வேர்ச்சொல் பாடத்தில் 'பெட் என்றால் கால்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பெடல், பெடஸ்ட்ரியன் சரி. குழந்தை மருத்துவமான பீடியாட்ரிக்ஸிலும் என்சைக்ளோபீடியாவிலும் கால் எங்கே வந்தது? ஆர்த்தோபீடிக் எந்தப் பக்கம்? உச்சரிப்பை வைத்துப் பிரிக்க முடியுமா?

பதில் 1:
வேர்கள் இரண்டு. கால் லத்தீன்: பெஸ், பெடிஸ். குழந்தை கிரேக்கம்: பாய்ஸ், பாய்டோஸ். கிரேக்க 'ஆய்' ஒலியை லத்தீனில் ஏ-இ என்று இரண்டு எழுத்தாக எழுதினார்கள். பிரிட்டிஷ் எழுத்துமுறை அதைப் பெரும்பாலும் காப்பாற்றி வருகிறது, அமெரிக்க முறை ஏ-யை விட்டுவிட்டது. குழப்பமே அதனால்தான். பிரிட்டிஷ் அகராதியைத் திறந்து, பி-க்கு அடுத்து ஏ-இ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குழந்தை. பெடல், பெடிக்யூர் போன்ற கால் சொற்களில் அந்த ஏ வராது. பெடகாஜி (கற்பிக்கும் கலை) விதிவிலக்கு. குழந்தைச் சொல்லாக இருந்தும் பிரிட்டனிலேயே வெறும் இ-தான்.

உச்சரிப்பை நம்பவே வேண்டாம். 'பீ' குழந்தை, 'பெ' கால் என்று சொல்லிக்கொடுத்தால் சென்டிபீடும் (பூரான்) இம்பீடும் (தடுத்தல்) கவிழ்த்துவிடும். இரண்டும் கால்.

பதில் 2:
ஆர்த்தோபீடிக் குழந்தைப் பக்கம்தான். 1741இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி, பிள்ளைகளின் உடல் கோணலைத் தடுக்கவும் சரிசெய்யவும் பெற்றோருக்காக ஒரு நூல் எழுதினார். நேர் என்னும் 'ஆர்த்தோஸ்', குழந்தை என்னும் 'பாய்டியோன்' இரண்டையும் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். வளைந்த இளமரத்தைக் கயிறு சுற்றிக் கம்பத்தோடு கட்டியிருக்கும் படம் அந்த நூலில் உள்ளதுதான். எலும்பு மருத்துவத்துக்கு இன்றும் அதுவே சின்னம். பெரியவர்களின் எலும்பும் மூட்டும் இந்தப் பெயருக்குள் வந்தது பிறகு.

பாத மருத்துவம் போடியாட்ரி. அங்கே இருப்பது கால் என்னும் கிரேக்கப் 'போடோஸ்'. மருத்துவரைக் குறிக்கும் 'இயாட்ரோஸ்' பீடியாட்ரிக்ஸிலும் உண்டு, போடியாட்ரியிலும் உண்டு. முதல் உயிரெழுத்தைக் கவனிக்காவிட்டால் பொருளே மாறிவிடும்.

பதில் 3:
சொல்லின் மறுபாதியையும் பாருங்கள். இம்பீடில் இம், பைபெடில் (இருகாலி) பை, சென்டிபீடில் சென்டி என்று லத்தீன் ஒட்டு இருந்தால் கால். கிரேக்கப் பாதி இருந்தால் பெரும்பாலும் குழந்தை: பெடகாக்கில் (இன்றைய பொருளில் ஆசிரியர்) வருவது 'அகோகோஸ்', அழைத்துச் செல்பவர். பண்டைய கிரேக்க வீடுகளில் சிறுவனைப் பள்ளிக்குக் கூட்டிப்போன அடிமைக்குத்தான் அந்தப் பெயர்; ஆசிரியர் வேறு ஆள். பெடோமீட்டர் இந்த விதிக்கு அடங்காது, லத்தீன் காலும் கிரேக்க அளவும் கலந்த சொல் அது.

குழந்தையை வளர்த்துக் கற்பிப்பது 'பாய்டெயா'. 'என்கூக்லியோஸ் பாய்டெயா', அதாவது முழுமையான பொதுக்கல்வி, ஒரே சொல்லாகப் படிக்கப்பட்டு என்சைக்ளோபீடியா ஆனது. விக்கிப்பீடியாவின் பின்பாதியும் இதுவே.

தேர்வில் சறுக்குவது பெடாலஜியில். மண்ணியல் என்றால் வேர் 'பெடோன்', நிலம். காலும் இல்லை, குழந்தையும் இல்லை. குழந்தை ஆய்வு என்ற பொருளில் பிரிட்டனில் ஏ-இ போடுவார்கள், அமெரிக்காவில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. பெடிக்ரீ (வம்சாவளி) கால் வகை, பிரெஞ்சில் 'கொக்கின் கால்'. பெடன்ட்டை (படிப்பைக் காட்டிக்கொள்பவர்) பட்டியலில் சேர்க்காதீர்கள்: இத்தாலியச் சொல் என்பது வரை தெளிவு, பெடகாக்கோடு உறவு உண்டா என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த முடிவு இல்லை.