கெண்டர் லொறிக்கு பி வகுப்பு போதுமா? கனரக அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பது எப்படி?

பொகவந்தலாவை இளைஞன்:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் பி வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது; இதுவரை கடைகளுக்குச் சாமான் ஏற்றும் டிமோ பட்டா என்ற குட்டி லொறியையே ஓட்டி வந்தேன். இப்போது பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் கெண்டர் லொறிக்குச் சாரதி தேவைப்படுகிறது. "சின்ன லொறிதானே, பி இருந்தால் போதும்" என்று லொறி உரிமையாளர் சொல்கிறார். இது சரிதானா என்று அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டும்.

இன்னொரு விடயமும் உண்டு. கொழும்புக்குத் தேயிலை ஏற்றிச் செல்லும் பெரிய லொறியை ஓட்டும் என் அப்பாவின் அனுமதிப்பத்திரம் விரைவில் காலாவதியாகிறது. நீரிழிவு இருப்பதால் மருத்துவப் பரிசோதனையை நினைத்து அவர் தயங்குகிறார். ஆள் நேரில் வராமலே சான்றிதழ் எடுத்துத் தருவதாக ஒரு தரகர் சொல்லியிருக்கிறார். என்ன செய்வது நல்லது?

டிக்கோயா சாரதி:
தம்பி, உரிமையாளர் சொல்வதை நம்பி அந்த லொறியில் ஏறிவிடாதீர்கள். வாகனம் பார்வைக்குச் சிறியதா பெரியதா என்பதை வைத்து வகுப்புத் தீர்மானிக்கப்படுவதில்லை. வண்டியின் எடையும் அது ஏற்றக்கூடிய சுமையும் சேர்ந்த மொத்த எடைதான் கணக்கு. அந்த எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத வாகனங்களுக்கே பி வகுப்புச் செல்லும். அதற்கு மேல் 17,000 கிலோ வரையிலான லொறிகளுக்கு சி1, அதையும் தாண்டினால் சி, இழுவைப் பெட்டியோடு செல்லும் கண்டெய்னர் போன்றவற்றுக்கு சிஇ என்று வகுத்திருக்கிறார்கள். பல கெண்டர்கள் வெறும் வண்டியாகவே இரண்டு தொன்னுக்கு மேல் நிற்கும். கொழுந்துச் சாக்குகளை அடுக்கினால் 3,500 என்ற எல்லையை எளிதாகத் தாண்டிவிடும்.

ஆகவே முதலில் வாகனத்தின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் வெற்று எடையும் மொத்த எடையும் தனித்தனியாக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது மொத்த எடையை. உரிமையாளர் பெரும்பாலும் வெற்று எடையைத்தான் சொல்லிக் காட்டுவார். தகுந்த வகுப்பு இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும், காப்புறுதி நிறுவனமும் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. அந்த நேரத்தில் "போதும்" என்று சொன்னவர் உங்களோடு நீதிமன்றத்துக்கு வரமாட்டார்.

சி1 வகுப்பைச் சேர்ப்பதற்கு மருத்துவச் சான்றிதழுடன் விண்ணப்பித்து, அந்த வகுப்பு வாகனத்திலேயே செய்முறைப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும்.

பழைய கனரகச் சாரதி, ஹட்டன்:
உங்கள் அப்பாவின் விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் பக்கத்துச் சாரதிகள் பலர் தடுமாறுவது இங்கேதான். அனுமதிப்பத்திர அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் நேரே அது தொடங்கிய திகதியும் முடியும் திகதியும் அச்சிடப்பட்டிருக்கும். இலகு வாகனங்களுக்கு எட்டு ஆண்டுகள், கனரக வாகனங்களுக்கு நான்கு ஆண்டுகள் என்பதால் ஒரே அட்டையில் காருக்குரிய பி உயிரோடு இருக்கும்போதே லொறிக்குரிய சி முடிந்துபோயிருக்கலாம். கார் வகுப்பின் திகதியைப் பார்த்துவிட்டு இன்னும் காலம் இருக்கிறதென்று எண்ணிப் பெரிய லொறியைக் கொழும்புக்கு ஓட்டிச் செல்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மருத்துவச் சான்றிதழைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் பெற வேண்டும். தலைமையகம் நுகேகொடையில் இருந்தாலும் மாவட்டங்களில் கிளைகள் இருப்பதால் கொழும்பு வரை அலைய வேண்டியதில்லை. சான்றிதழ் ஆறு மாதங்களுக்கே செல்லுபடியாகும். அதைப் பெற்ற கையோடு புதுப்பிப்பதற்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

நீரிழிவு என்ற ஒரே காரணத்துக்காக அப்பாவின் தொழில் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். மருந்தை ஒழுங்காக எடுத்து, கிளினிக் கொப்பியையும் அண்மைய இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கொண்டுபோய் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறதா, கண் பார்வை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை மருத்துவர் பார்க்க வேண்டியது அவருடைய நன்மைக்காகவும்தான். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துள்கலைக்கு இறங்கும்போது, மூடுபனிக்குள் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மங்கலாகத் தெரியும் சாரதியிடம் பல தொன் சுமையை ஒப்படைக்க முடியாது. தரகர் எடுத்துத் தரும் சான்றிதழ் அப்பாவின் கண்ணைப் பரிசோதித்திருக்காது. அந்தக் காகிதத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பயிற்றுநர், தலவாக்கலை:
மேலே இருவரும் சொன்னதோடு நான் உடன்படுகிறேன். சி1 எடுக்கவிருக்கும் தம்பிக்கு மட்டும் ஒன்றைச் சேர்க்கிறேன். பட்டாவில் பழகிய கால், இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வரும். சுமை ஏற்றிய லொறியில் அப்படிச் செய்தால் பிரேக்கின் ட்ரம்மும் லைனிங்கும் சூடேறி, கருகிய வாடை வீசத் தொடங்கும்; அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு மாறி, புகைக் குழாயை அடைத்து எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் எக்சோஸ்ட் பிரேக் இருந்தால் அதையும் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும்படி இறங்கப் பழகுங்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதி ஏழு பேர் உயிரிழந்தார்கள். இங்குள்ள இறக்கங்கள் எப்படிப்பட்டவை என்பதை அந்த வீதியில் போய்வரும் எவரும் அறிவர். பரீட்சைக்குக் கேட்கும் அளவோடு நிற்காமல், சுமையோடு ஓட்டும் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துச் சில வாரங்கள் பழகிய பிறகு தனியாகக் கொழுந்து ஏற்றச் செல்லுங்கள்.

பொகவந்தலாவை இளைஞன்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவுப் புத்தகத்தைப் பார்த்தேன். மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டுகிறது. சி1 கிடைக்கும் வரை அந்த லொறியை ஓட்ட முடியாது என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன். அப்பாவின் அட்டையில் சி வகுப்பு முடிய இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன. அடுத்த கிளினிக் நாள் முடிந்ததும் அறிக்கைகளோடு நானே அவரை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறேன்.