ஓம்புயிரா, ஊணா? ஒரு சொல்லுக்காக நான்கு நாள்

அன்பர்களுக்கு வணக்கம்.

பார்த்தீனியம் என்னும் களைச்செடியைத் தின்னும் மெக்சிகோ வண்டைப் பற்றி விவசாயிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்தான் பாக்கி. ஒரு பூச்சி குறிப்பிட்ட செடியை மட்டும் தின்னும், பக்கத்துச் செடியைச் சீண்டாது. இந்த இயல்பை 'ஹோஸ்ட் ஸ்பெசிஃபிசிட்டி' என்கிறார்கள். 'ஹோஸ்ட்' என்பதற்கு 'ஓம்புயிர்' என்று வைத்து, 'ஓம்புயிர்த் தனித்தன்மை' என்று எழுதி ஊரில் ஒரு பெரியவரிடம் படித்துக் காட்டினேன். "அந்தச் செடிக்கு ஏதோ விசேஷ குணம் போல" என்றார். பூச்சியின் குணம் செடியின் குணமாகிவிட்டது. உதவுங்கள்.

– கோவை

* * *

தம்பி,

சிக்கல் 'ஓம்புயிர்' என்பதிலேயே இருக்கிறது. ஓம்புதல் என்றால் பேணுதல். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வைத்தார். அங்கே ஓம்புகிறவர் மனமுவந்து ஓம்புகிறார். பார்த்தீனியம் அப்படியா வண்டுக்குச் சோறு போடுகிறது? இன்னொன்று, புறநானூற்றில் 'ஓம்பா ஈகை' வருகிறது. தனக்கென்று வைத்துக்கொள்ளாத கொடை. அங்கே ஓம்புதல் கொடாமல் காப்பது. ஊட்டுவதற்கும் இறுக்கிப் பிடிப்பதற்கும் ஒரே சொல் என்றால் அறிவியலுக்கு அது எப்படி ஆகும்?

சுடு சூடாகும், கெடு கேடாகும், உண் ஊணாகும். முதல் நீண்ட தொழிற்பெயர். ஓர் ஊண் உடைமை, ஓரூண்மை. நான்கே எழுத்து. இதையே போடுங்கள்.

– தஞ்சை

* * *

ஐயா,

'ஹோஸ்ட்' என்பதை எங்கட பாடநூல்களில் 'விருந்துவழங்கி' என்றுதான் படித்தோம். நீங்கள் சொன்ன குறை அதற்கும் உண்டு. ஆனால் இந்த இயல்பு எவ்வளவு நுட்பமானது என்பதற்குக் கள்ளியின் கதையைச் சொல்ல வேண்டும். 1795-ல் கள்ளியில் வாழும் சிவப்புச் சாயப்பூச்சி என்று நினைத்து பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது வேறு இனமாகப் போயிற்று. சாயம் தேறவில்லை, ஆனால் அது ஒரு வகைக் கள்ளியை அழித்துவிட்டது. 1860-களில் களையை ஒழிக்கவென்றே அதை இலங்கைக்கும் எடுத்து வந்தார்கள். அதே பூச்சி சப்பாத்திக்கள்ளியை ஒன்றும் செய்யவில்லை. அதற்கு அதன் உறவுப் பூச்சி வேண்டியிருந்தது. அது 1926-ல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குப் போனது. இரண்டும் வெண்பஞ்சு போர்த்திய பூச்சிகள், நசுக்கினால் இரண்டிலும் சிவப்புச் சாறு. கள்ளி மட்டும் வேறு வேறு.

ஆகவே சொல் பூச்சியின் பக்கம் நிற்க வேண்டும். 'ஓரூண்மை' அந்த வகையில் சரி.

– யாழ்ப்பாணம்

* * *

தஞ்சைப் புலவர் ஐயாவுக்கு வணக்கம்.

இருபது வருடமாக வயலில் நிற்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். 'ஓரூண்' என்றால் ஒரு வேளைச் சாப்பாடு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அச்சில் ஒரு சுழி குறைந்தால் ஊண் ஊனாகி, வண்டு இறைச்சி தின்னும்.

விவசாயி என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "என் பயிரைத் தின்னுமா?" 1984-ல் பெங்களூரில் விட்ட இதே வண்டு சில வருடத்தில் சூரியகாந்தி இலையில் தென்பட்டதும் பெரிய சர்ச்சையானது. பார்த்தீனிய மகரந்தம் படிந்த இலையைத்தான் வண்டு கடித்தது என்று பிறகு ஆய்வில் விளக்கம் வந்தது. இப்போதும் மழைக்குப் பிறகு பார்த்தீனியக் கொழுந்தைப் புரட்டினால் வெள்ளை முதுகில் பழுப்புக் கோடு போட்ட வண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்து நிலக்கடலையில் இருக்காது. 'ஓரூண்மை' என்று அடித்துச் சொன்னால் அந்தச் சூரியகாந்திக் கடியை எங்கே வைப்பீர்கள்? 'ஒருசெடிச் சார்பு' போதும். சார்பு என்பதில் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது, உண்மையிலும் இருக்கிறது.

– தருமபுரி

* * *

அம்மா,

சுழி குறைவது அச்சுக்கோப்பவர் பிழை, சொல்லின் பிழை அன்று. 'சார்பு' என்றால் கட்சிச் சார்பு, சாதிச் சார்புதான் நினைவுக்கு வருகிறது. 'பற்று' என்றாவது வையுங்கள். கொடி கொம்பைப் பற்றுகிறது, தீ விறகைப் பற்றுகிறது. ஒருசெடிப் பற்று.

– தஞ்சை

* * *

எல்லோருக்கும் நன்றி.

தருமபுரி அம்மா 'ஒருசெடிச் சார்பு' என்றார். பெரியவரிடம் அதையும் படித்துக் காட்டினேன். "அப்போ நம்ம கடலைக்குப் பயமில்ல" என்றார். அதையே போட்டுவிட்டேன், அடியில் 'வேறு பயிரில் பெருகாது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஐயாவின் 'பற்று' இரண்டாம் பதிப்பு வரை என் குறிப்பேட்டில் இருக்கும்.

– கோவை

* * *

தம்பி, குறிப்பேட்டில் 'ஓரூண்மை'யையும் எழுதி வையுங்கள். நான் அதை விடவில்லை.

– தஞ்சை