பதிவு கிடைத்துவிட்டது, பேசும் உரிமை எப்போது?

ஒரகடத்தான்:
சுங்குவார்சத்திரத்தில் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி செய்யும் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள் நீடித்த அந்தப் போராட்டத்தில் ஊதிய உயர்வும் வேலை நேரமும் கோரிக்கைகளாக இருந்தன. ஆனால் கடைசிவரை அவர்கள் விட்டுக்கொடுக்காதது "எங்கள் சங்கத்தோடு பேசுங்கள்" என்பதைத்தான். சங்கத்தைப் பதிவு செய்வதற்கே பெரும் இழுபறி. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் வரக்கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. ஆறு வாரத்துக்குள் முடிவெடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே, 2025 ஜனவரி 27 அன்று பதிவு கிடைத்தது.

"அதுதான் பதிவு ஆகிவிட்டதே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. 1926 தொழிற்சங்கச் சட்டம் பதிவு எண்ணைத் தந்தது. அந்தச் சங்கத்தோடு நிர்வாகம் உட்கார்ந்து பேசியே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் 30 விழுக்காடு உறுப்பினர் வேண்டும் என்று அளவுகோல் வைத்து அங்கீகாரம் தந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு மாநிலச் சட்டம் வரவே இல்லை. யார் தங்களுக்காகப் பேசுவது என்பதைத் தொழிலாளர்களே ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்யட்டும் என்கிறேன். இதை எதிர்ப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

உதிரிபாகம்:
நான் எதிர்க்கிறேன், காரணமும் சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் சிறிய பிரஸ் பட்டறை வைத்திருக்கிறேன். பெரிய ஆலை ஒரு வாரம் நின்றால் அதன் கணக்கில் அது ஒரு சிறு வரி. எனக்கோ வங்கித் தவணை தவறும், தகடு வாங்கிய கடன் நிற்கும், என் ஆட்களுக்குச் சம்பளம் தள்ளிப்போகும். அந்த 37 நாளில் எங்களைப் போன்றவர்களின் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை.

பேசுவதற்கு சாம்சங் ஆலைக்கு உள்ளேயே தொழிலாளர் குழு இருக்கிறது. 2024 அக்டோபர் 7 அன்று அந்தக் குழுவோடு ஒப்பந்தம் போட்டு, மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, எல்லா வழித்தடங்களிலும் குளிர்சாதனப் பேருந்து என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டதே! பிறகு ஏன் வெளியாட்கள் வந்து கொடி நட வேண்டும்? நோக்கியா 2014இல் மூடியது, ஃபோர்டு போனது. பாடம் கற்க மாட்டோமா?

மனுதாரர்:
நண்பர் உதிரிபாகத்துக்கு: உங்கள் கடன் கவலை நியாயமானது, அதை மதிக்கிறேன். ஆனால் நோக்கியாவை இதில் சேர்க்காதீர்கள். அந்த ஆலை வரித் தகராறில் சிக்கியது. அதனால் மைக்ரோசாஃப்ட் கைபேசித் தொழிலை வாங்கியபோது சென்னை ஆலையை விட்டுவிட்டு வாங்கியது. பிறகு அந்த ஆலையிலிருந்து கைபேசி வாங்கும் ஒப்பந்தத்தையும் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொள்ள, ஆலை மூடப்பட்டது. ஃபோர்டு பல ஆண்டு நட்டத்தைக் காட்டி, வெளியேறுவதாக 2021இல் அறிவித்தது. இரண்டுக்கும் சங்கம் காரணம் என்பது ஆதாரமில்லாத பேச்சு.

அந்த 5,000 ரூபாயும் 2025 மார்ச் வரைக்குமான தற்காலிகத் தொகை. குழுவில் யார் இருப்பது என்பதில் நிர்வாகத்தின் கை இருக்கும்போது, மேசையின் இரு பக்கமும் நிர்வாகமே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

"வெளியாட்கள்" என்கிறீர்கள். 1918 ஏப்ரல் 27 அன்று பின்னி நெசவாலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் தலைவரான பி.பி. வாடியா ஆலைத் தொழிலாளி அல்லர், திரு.வி.க.வும் அல்லர். நிர்வாகம் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்துவதே சட்டவிரோதச் சதியாகிவிடும் என்ற நிலை அன்று இருந்ததால்தான் 1926 சட்டமே தேவைப்பட்டது. உள்ளே வேலை செய்பவன் வாய் திறந்தால் வேலை போகும். போகாத ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கும் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது: நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வெளியார் இருக்க முடியாது.

இன்னொரு முடிச்சு. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தோடு நல்லெண்ணத்தில் பேச மறுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று தொழில் தகராறுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை சொன்னது. அங்கீகரிப்பது யார் என்றால், அதே நிர்வாகம். அங்கீகரிக்காதவரை குற்றமே இல்லை என்ற நிலைதான் இருந்தது.

உதிரிபாகம்:
பின்னி ஆலையையும் இன்றைய மின்னணு ஆலையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இருந்தாலும் நீங்கள் சொன்ன கடைசி விஷயம் சரி என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பழைய தொழிற்சங்கச் சட்டத்துக்கும் தொழில் தகராறுச் சட்டத்துக்கும் பதிலாக, 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பல சங்கங்கள் இருக்கும் இடத்தில், மஸ்டர் ரோலில், அதாவது ஆலையின் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், இருப்பவர்களில் 51 விழுக்காடு ஆதரவு உள்ள சங்கமே ஒற்றைப் பேச்சுவார்த்தைச் சங்கம். எதற்கும் அந்த ஆதரவு இல்லையென்றால், 20 விழுக்காடு உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தை மன்றம். இதை வரவேற்கிறேன். கட்சிக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கோரிக்கைப் பட்டியல் என்றால் நிர்வாகம் யாரோடுதான் கையெழுத்திடும்?

ஆனால் அந்த 51ஐ எப்படி எண்ணுவீர்கள்? ஷிப்ட் முடிந்து வருபவனை டீக்கடையில் சுற்றி நின்று உறுப்பினர் படிவத்தில் கையெழுத்து வாங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது சம்மதமா?

ஒரகடத்தான்:
இல்லை. மேலாளர் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டு, சங்கத்திலிருந்து விலகுவதாக எழுதி வாங்குவதும் சம்மதம் இல்லை. அதற்காகத்தான் ரகசிய வாக்கு கேட்கிறேன். இந்திய உணவுக் கழக வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் இதற்கான நடைமுறையை வகுத்துக் கொடுத்தது. ரயில்வேயில் 2024 டிசம்பரில் நாடு முழுவதும் தொழிலாளர்கள் வாக்களித்துத்தான் சங்கங்களுக்கு அங்கீகாரம் தந்தார்கள். வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ரயில்வேயால் முடிவது ஒரு தொலைக்காட்சி ஆலையால் முடியாதா?

டென்னசியிலிருந்து:
நான் இருக்கும் அமெரிக்க மாநிலத்தில் சட்டனூகா ஃபோக்ஸ்வாகன் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். 2014இல் சங்கம் 626க்கு 712 என்று தோற்றது. 2019இல் 776க்கு 833 என்று மீண்டும் தோல்வி. 2024 ஏப்ரலில் 2,628 பேர் ஆதரவு, 985 பேர் எதிர்ப்பு. வாக்கெடுப்பை நடத்தியது அமெரிக்க அரசு அமைப்பான தேசியத் தொழிலாளர் உறவு வாரியம். வென்ற சங்கத்துக்கு அது சான்று தந்துவிட்டால், எதிர்த்து வாக்களித்தவர்களுக்கும் சேர்த்தே அந்தச் சங்கம் பேச வேண்டும், நிர்வாகமும் பேச மறுக்க முடியாது.

ஆனால் வாக்குப் பெட்டியை முழுதாக நம்பிவிடாதீர்கள். அடுத்த மாதமே அலபாமா மெர்சிடிஸ் ஆலையில் 2,045க்கு 2,642 என்று சங்கம் தோற்றது. வாக்கெடுப்புக்கு முந்தைய வாரங்களில் தொழிலாளியின் காதில் யார் பேசுகிறார்கள், வேலை நேரத்தில் கூட்டம் போட யாருக்கு வாய்ப்பு இருக்கிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கும். நாளையே தேர்தல் என்று கெடு வைத்தால்தான் அது நியாயம். மாதக்கணக்கில் இழுத்தால் நிர்வாகத்துக்கே லாபம்.

விடுதிப்பெண்:
எல்லோரும் விழுக்காடு பேசுகிறீர்கள். எதில் 51 விழுக்காடு என்று யாராவது சொல்லுங்கள். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மின்னணு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளியும் நானும் ஒரே வரிசையில் நின்று ஒரே பலகையில் ஒரே திருகைத்தான் முடுக்குகிறோம். கழுத்தில் தொங்கும் அட்டையின் நாடா மட்டும் அவர்களுக்கு நீலம், எங்களுக்குப் பச்சை. கேன்டீனில் அந்த நாடாவைப் பார்த்துத்தான் எந்த மேசை என்று காட்டுகிறார்கள். என் பெயர் ஆலையின் மஸ்டர் ரோலில் இல்லை, ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் இருக்கிறது. நான் எங்கே வாக்களிப்பது?

மனுதாரர்:
சகோதரி கேட்டதுதான் இந்த விவாதத்தின் மையம். புதிய சட்டமும் அந்த ஆலையின் மஸ்டர் ரோல் என்றே சொல்கிறது. அப்ரென்டிஸ்களை (தொழில் பழகுநர்களை) தொழிலாளி என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கவில்லை. நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போகும் ஆலையில், உண்மையில் உற்பத்தி செய்பவர்களில் மிகச் சிலரின் வாக்கே எல்லோரின் ஊதியத்தையும் தீர்மானிக்கும். ஆனால் ஒன்று: சங்கத்தில் உறுப்பினராகச் சேர ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. சந்தா கட்டலாம், பொதுக்குழுவில் பேசலாம்.

உதிரிபாகம்:
ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதலாளி ஒப்பந்ததாரர்தான். ஆர்டர் ஏறும்போது ஆள் எடுப்போம், இறங்கும்போது குறைப்போம். மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகிறவருக்கு மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தத்தில் எப்படி வாக்கு கொடுப்பது? நிரந்தரத் தொழிலாளருக்கு ரகசிய வாக்கெடுப்பு, தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில், அதுவும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேலைநிறுத்தம் இல்லை என்ற நிபந்தனையோடு என்றால் ஏற்கிறேன். அதற்கு மேல் என்னால் வர முடியாது.

ஒரகடத்தான்:
ரகசிய வாக்கெடுப்பை ஏற்றதற்கு நன்றி. நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே இரு தரப்பும் பேசி எழுதட்டும், முன்கூட்டியே விதியாக்க வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் உங்களோடு முரண்படுகிறேன். அந்தப் பெண் எப்போது கழிப்பறைக்குப் போகலாம் என்று சொல்வது ஒப்பந்ததாரரா, ஆலையின் லைன் சூப்பர்வைசரா? வேலை வாங்குகிறவர்தான் பேச்சுவார்த்தைக்கும் வர வேண்டும்.

விடுதிப்பெண்:
சந்தா கட்ட நான் தயார். ஆனால் எங்கள் ஊதியமும் நிரந்தரமும் கோரிக்கைப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருக்கக்கூடாது. சங்கம் வென்றபின் நீல நாடாக்காரர்களுக்கு மட்டும் உயர்வு வாங்கிக் கையெழுத்திட்டால், அடுத்த வாயிற்கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட வேண்டாம். இதை உங்கள் சங்கத்தில் பேசிவிட்டு இங்கே வந்து எழுதுங்கள் அண்ணா.